பாஸ்கோ மேடு

— வரலாறு, ஒரு பை பதினஞ்சு டாலர்! ரெண்டாச் சேர்த்து எடுத்தா இருபத்தஞ்சு. வாங்க அம்மணி, கையை விட்டுப் பாருங்க. தங்க வேட்டைக் காலத்து மண்ணு!

— நான் வாங்க வரலை, மிஸ்டர் ஹோய். நகராட்சி பாரம்பரியப் பிரிவு. ரோவினா பாஸ்கோ.

— அட, பாஸ்கோவா! என் கொல்லையில நிக்கிற மண்மேட்டுக்கு உங்க குடும்பப் பேரைத்தானே வெச்சிருக்கு? இடம் என்னுது, பேரு உங்களுது. நல்ல பங்கு பிரிச்சிருக்காங்க.

— தங்கக்குழி தோண்டி அந்த மண்ணைக் குவிச்சவர் எங்க முப்பாட்டனார். பதிவுல இருக்கு.

— தோண்டினாரு, தங்கம் இல்லேன்னு கையை உதறிட்டுப் போனாரு. அது பதிவுல இருக்கா? அந்தக் கழிச்ச மண்ணைத் திரும்பத் திரும்பக் கழுவி, ஒட்டியிருந்த தங்கத் தூளை எடுத்துப் பொழைச்சது எங்க முப்பாட்டன். கப்பலை விட்டு எறங்கவே, சீனாக்காரன்னு தலைக்குப் பத்து பவுண்டு வரி கட்டின மனுஷன். உங்காளு எவ்வளவு கட்டினாரு?

— அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

— உங்காளு ஒரு காசு கட்டாம சும்மாதான் எறங்கினாரு. சரி, சொல்லுங்க.

— அந்த மேடு பாரம்பரியச் சின்னம். ஒரு பிடி அள்ளினாலும் சட்டப்படி குத்தம். நீங்க ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமைச் சந்தையில பை பையா விக்கிறீங்க.

— நான் எங்க இல்லேன்னேன்?

— ஆனா காலையில போய் அளந்தேன். பதினோரு அடி. பதிவுல இருக்கிற அளவு அப்படியே இருக்கு. இப்ப நீங்களே சொல்லுங்க. மேட்டு மண்ணை வித்தா சின்னத்தை அழிச்ச குத்தம். வேற மண்ணை வித்தா வெளியூர்க்காரங்களை ஏமாத்தின குத்தம். ரெண்டுல எது?

— ரெண்டுல எதுக்கு அபராதம் கம்மி?

— மிஸ்டர் ஹோய்!

— கோவிச்சுக்காதீங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி விலை கேக்கறது எங்க வீட்டுப் பழக்கம். இதோ உக்காந்திருக்காளே, என் வீட்டுக்காரி மேவிஸ். இடுப்பெலும்பு ஒடைஞ்சு ஒன்பது மாசமாச்சு. மாடிப்படி ஏற முடியலை. சமையக்கட்டுல கட்டில் போட்டுப் படுக்க வெச்சிருக்கேன்.

— வெங்காய வாசனையில தூங்கி, வெங்காய வாசனையில எந்திரிக்கிறேன்மா.

— கேட்டீங்களா? கொல்லையில இவளுக்கு ஒரு ரூம் கட்டணும். மேடு குறுக்கே நிக்குது. நாலு மனு போட்டேன்.

— நாலையும் தள்ளுபடி பண்ணினது நான்தான். வேற வழி? பக்கத்து ஊரு பெண்டிகோவுல, கூட்டம் வந்து பாக்கற சீனத் திருவிழா ட்ராகன் இருக்கு. பல்லாரட்ல பழைய தெருவையே கட்டி, ஆளுங்களுக்கு மீசை ஒட்டி நடக்க விட்டிருக்காங்க. நம்ம ஊருக்குன்னு காட்ட அந்த மேடு ஒண்ணுதான் இருக்கு.

— அந்த ஒண்ணும் இல்லேன்னா?

— என்ன சொல்றீங்க?

— முதல் குத்தத்தை ஒத்துக்கறேன். மேடு பூராவும் வித்துத் தீத்தாச்சு.

— ஏங்க...

— நீ சும்மா இரு மேவிஸ். மனுஷன் உண்மையைச் சொல்றப்ப குறுக்கே பேசாதே. பாதி மேடு சிட்னியில இருக்கு, பாதி டோக்கியோவுல இருக்கு, அம்மணி.

— அப்ப அங்க நிக்கிற பதினோரு அடி?

— ரெண்டு வருஷம் முன்னாடி உங்க சுற்றுலா மையத்துக்குக் கக்கூஸ் பள்ளம் தோண்டினீங்களே, அந்த மண்ணு எங்க போச்சுன்னு பதிவுல இருக்கா? லாரிக்காரனுக்கு ஆறு பாட்டில் பீர் வாங்கிக் குடுத்தேன். அத்தனையும் என் கொல்லைக்கு வந்துருச்சு. அள்ள அள்ள ரொப்பிட்டேன்.

— ஐயோ! போன மாசம்தான் "1858-ஆம் ஆண்டின் அசல் மேடு"ன்னு சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்!

— மேட்டு முன்னாடி நட்டிருக்கிற பலகையில பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து.

— ஈஸ்டருக்கு அமைச்சர் வர்றார். கூடவே மெல்பர்ன்ல இருந்து மண் பரிசோதனை பண்றவர் வர்றார். என் வேலையே போயிடும். பெரியவரே, ஒரு வழி சொல்லுங்க.

— பத்து நிமிஷம் முன்னாடி மிஸ்டர் ஹோய். இப்ப பெரியவரா? சரி, கேளுங்க. மேட்டை இடம் மாத்துங்க. உங்க சுற்றுலா மையத்து வாசல்ல கொண்டு போய்க் கொட்டி, "பொதுமக்கள் வசதிக்காக"ன்னு எழுதுங்க. அள்ளிக் கொட்டின மண்ணு கலந்துதான் கிடக்கும். எந்தப் பரிசோதனைக்காரன் என்ன கேக்க முடியும்?

— செலவு?

— மேடு நகராட்சிப் பொறுப்பு. என் நாலு மனுவுக்கும் அப்படித்தானே பதில் போட்டீங்க?

— புதன்கிழமை லாரி வரும்.

— ரூமுக்கு அனுமதி?

— அதே லாரியில குடுத்து அனுப்பறேன்.

— பலகையில பேரு?

— பாஸ்கோ–ஹோய் மேடு. போதுமா?

— ஹோய்–பாஸ்கோ. விட்டுட்டுப் போனவன் முன்னாடியும் கழுவினவன் பின்னாடியுமா நிக்கிறது?

— சரி, சரி, எழுதித் தொலைக்கிறேன்.

— உங்களைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு. அசல் மண்ணுல மிச்சம் இந்த ஒரு பைதான். மேட்டு உச்சியில தூவி விடுங்க. பலகை முழுப்பொய்யா இல்லாம இருக்கும்.

— ரொம்ப நன்றி. சும்மாவா குடுக்கறீங்க?

— வரலாறு, அம்மணி. பதினஞ்சு டாலர்.

— இந்தாங்க!

— பாத்துப் போங்க. பை கனம்.

— ஏங்க, அந்தப் பொண்ணு காரு ஏறிப் போயிடுச்சு. இப்பவாவது சொல்லுங்க, எதுக்கு இப்படிப் புளுகினீங்க? மேட்டுல இருந்து ஒரு பிடி மண்ணை நாம தொட்டதில்லையே! பையில போட்டு விக்கிறதுதானே அந்தக் கக்கூஸ் பள்ளத்து மண்ணு!

— நிஜத்தைச் சொன்னா அபராதம் நமக்கு, மேடும் நமக்கு. பொய்யைச் சொன்னேன், லாரியே வருது. பதினோரு அடி மேட்டைப் பையில போட்டு வித்துத் தீக்க எத்தனை வருஷம் ஆகும்னு அந்தம்மா ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா மாட்டியிருப்பேன்.

— பாவம், பலகையில பொய் எழுதிட்டோமேன்னு தூக்கம் வராம கிடக்கப் போறா.

— அதுல என்ன பொய்? அங்க போறது அத்தனையும் அசல் மேடு, உச்சியில அவ தூவப்போற அந்த ஒரு பையைத் தவிர.

— ஏங்க, கணக்கு நேராச்சா?

— எங்க ஆச்சு? எழுதிக்கோ. நகராட்சிக் கக்கூஸ் மண்ணு ஒரு பை, நகராட்சிக்கே வித்தது, வரவு பதினஞ்சு டாலர். மேட்டை அள்ளின கூலி, நமக்குச் செலவில்லை. உனக்கு ரூம் ஒண்ணு, வரவு. முப்பாட்டன் கட்டின பத்து பவுண்டு, இன்னும் வரலை.