பத்துக்கு இரண்டு

எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் நல்ல கட்டில்கள்தான், இன்ஸ்பெக்டர் சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கக் கம்பியின் கொக்கி துருப்பிடித்திருந்தது என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தவறு.

என் பெயர் சுசித்ரா. பென்னாகரம் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். நோயாளி கட்டிலிலிருந்து விழாமல் தன்னால் தடுக்க முடியும் என்று ஒரு நர்ஸ் எவ்வளவு நம்புகிறாள்? அதை அளப்பதுதான் என் டாக்டர் பட்ட ஆய்வு. பயிற்சிக்கு முன் ஒரு தாள், பின் ஒரு தாள். பத்துக்கு எத்தனை என்று அவரவரே பென்சிலில் போட வேண்டும். பின்னால் வரும் மதிப்பெண் ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தாளில் இருபத்திரண்டு பேரும் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள்.

"கொறச்சுப் போட்டா மெமோ குடுப்பீங்கல்ல மேடம்?" என்று சிரித்தாள் நர்ஸ் கோகிலவாணி. "நாங்க என்ன நேத்தா வேலைக்கு வந்தோம்?"

பத்துக்கு மேல் எங்கே ஏறுவது? ஆய்வை முடிக்க எனக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. யாராவது ஒருவர், லேசாக, ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும் என்று தோன்றியது. எல்லாரும் கொஞ்சம் பயப்படுவார்கள். அந்த முதல் தாளையே மறுபடி கொடுத்துவிட்டு, பிறகு பயிற்சியைத் தொடங்கலாம். அப்போது அது நியாயமாகவே பட்டது.

ஏரியூர் மாரப்பனைத் தேர்ந்தெடுத்தேன். கால் ஆபரேஷன் ஆனவர். கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்திக் கோகிலவாணி கொக்கியை மாட்டும்போதெல்லாம் வம்பிழுப்பார்.

"ஆட்டைப் பட்டியில அடைக்கிற மாதிரி அடைக்கிறியே கண்ணு, நானு எங்க மேயப் போறேன்?"

"மேய மாட்டீங்க தாத்தா. தாண்டுவீங்க."

ஒரு மதியம் அவள் சாப்பிடப் போனதும் நான் அந்தக் கொக்கியைக் கழற்றினேன். பார்வைக்குக் கம்பி நிமிர்ந்தே நின்றது. நான் சரிபார்க்கிறேன் என்று நினைத்து மாரப்பன், "நல்லா இருங்க மேடம்" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அந்தக் கையால் இன்றைக்கும் சோறு பிசைய முடியவில்லை, சார்.

கம்பியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். கம்பி சாய, கீழே விழுந்து தலையில் அடி. பதினோராம் நாள் இறந்தார்.

இரண்டாவது முறை தாள் கொடுத்தேன். மூன்று, நான்கு, இரண்டு. கோகிலவாணி மட்டும் மறுபடியும் பத்து.

"கொக்கிய மாட்டிட்டுத்தாங்க மேடம் போனேன். இழுத்துக்கூடப் பாத்தேன். நீங்களாச்சும் நம்புங்க."

இருபத்திரண்டு தாள்களில் உண்மையான பதில் அது ஒன்றுதான் என்று எனக்கு மட்டும் தெரியும். அதை அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். தன்மேலேயே நம்பிக்கை இல்லாத நர்ஸ் என்று அந்தத் தாளைக் காட்டித்தான் அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். அதை வைத்துத்தான் நீங்களும் அவள்மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்று, "எனக்காக வந்தீங்களா மேடம்?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கொன்றது நான்தான்.

இன்னும் ஒன்றே ஒன்று. இரண்டாவது தாளுக்குப் பின் நான் கொடுத்த பயிற்சிக்குப் பிறகு அந்த வார்டில் ஒருவர்கூட விழவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.