பழைய பைலில் இருந்த அஞ்சலை

"அப்பா கோர்ட்டுல பொய்ச் சத்தியம் பண்ணியிருக்காரு" என்று எதிர் இருக்கைப் பெரியவர் பக்கத்திலிருந்த தங்கையிடம் சொன்னார். மலேசியாவின் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயில். அவர் மடியில் ஒரு பழைய கோர்ட்டு பைலிலிருந்து நகலெடுத்த தாள்கள்.

"வம்சத்து பேரெல்லாம் எழுதப் போறேன்னுதானே அண்ணே அந்த பைலை எடுத்தீங்க?"

"தாத்தா செத்ததும் சொத்துக்காக நடந்த கேஸ், வெள்ளைக்காரன் காலத்துல. தாத்தா கோயில்ல அஞ்சலைக்குத் தாலி கட்டினாரு, தாலித் தட்டைப் புடிச்சு நின்னதே அவரு மகன், நம்ம அப்பாதான்னு பூசாரி சாட்சி சொல்லியிருக்காரு. அப்பா, அவங்க வெறும் சமையல்காரின்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. கோர்ட்டு அப்பாவை நம்பிடுச்சு."

"எந்த அஞ்சலை? கம்போங் மேடான் செல்வியோட பாட்டியா?"

"அவங்கதான். நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்தா யாரும் சொல்லாமலே நேரா அடுப்படிக்குப் போவாங்களே, அந்தக் குடும்பம்."

ஷா ஆலம் நிலையம் தாண்டியதும் பெரியவர் தாள்களை மடித்தார்.

"உன் மக கல்யாணத்துக்கு செல்வியைக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் லா அண்ணே."

"என்னன்னு கூப்பிட்ட?"

தங்கை கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"முந்தின நாளே வந்துடு, காய் நறுக்க ஆள் பத்தலன்னு."