கருவி கழுவும் தண்ணீர்

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி, ஐயா. டம்ளரை விளிம்பு வரை நிரப்பிவிட்டீர்கள். எங்கள் தீவில் பழைய வழக்கம், விருந்தாளிக்கே முக்கால் டம்ளர்தான். மீதி வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும், யாரும் கேட்க மாட்டார்கள். நான் பாதிதான் குடிப்பேன். மீதியைக் கொட்டிவிடாதீர்கள், மனம் கேட்காது.

நான் பம்ப் ஹவுஸ் மேற்பார்வையாளன். எங்களுக்கு ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் கடல் நீரின்மேல் பாலாடை போலப் படிந்து நிற்கும். கிணற்றில் நாங்கள் எடுப்பது அந்த ஆடையைத்தான். பதமாக எடுத்தால் ஆடை வரும், பறந்தடித்து எடுத்தால் கடல் வரும். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

பஞ்சாயத்துத் தலைவர் துணிக்கடைக்காரர். நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரும் என்று ஓட்டுக் கேட்டு ஜெயித்தவர். ஜெயித்த கையோடு என்னைக் கூப்பிட்டார். அப்படி இறைத்தால் கிணறு கரித்துவிடும் என்று சொன்னேன்.

"எவ்வளவு கரிக்கும்?"

"ஆரம்பத்துல கொஞ்சந்தாங்க."

"கொஞ்சம்னா பழகிடும்யா. புதுச்செருப்பு கடிக்கலையா?"

எனக்கு அவர் பேச்சில் தப்புத் தெரியவில்லை. ஊரில் இரண்டு கிணறுகள். மேற்குக் கிணறு சீக்கிரமே உப்பாகிப் போனது. அதை மூடிவிட்டுக் கிழக்குக் கிணற்றை வைத்துக்கொண்டு ஆளுக்கு அளந்து ஊற்றியிருக்கலாம். ஊற்றியிருந்தால் தெருவுக்குத் தெரு குடுமிப்பிடிச் சண்டை நடந்திருக்கும். அதனால் இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்தேன். மாதாமாதம் மேற்குக் கிணற்று வால்வை ஒரு பொடித் திருகு கூடுதலாகத் திறப்பேன். ஒரே நாளில் செய்திருந்தால் அது அநியாயம். நான் மெதுவாகத்தான் செய்தேன்.

நாக்கு நல்ல பிராணி, ஐயா. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பெண்கள் சமையலில் உப்பைக் குறைத்துக்கொண்டார்கள். கடைசியில் மளிகைக்கடைக்காரர்தான் வந்து மூக்கால் அழுதார், உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடக்கிறதாம். தண்ணீரைப் பற்றி எனக்கு வந்த ஒரே புகார் அதுதான்.

வீட்டுக் கூரைகளில் இருந்த மழைத்தொட்டிகளை மூட வைத்தது நான் கொடுத்த யோசனை. கொசு வருகிறது என்று தண்டோரா போடாத குறையாகச் சொன்னோம். கொசுவும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் என் கவலை வேறு. காலையில் மழைத்தண்ணீர், மாலையில் குழாய்த்தண்ணீர் என்று குடிப்பவன் ஒப்பிட்டுப் பார்ப்பான். ஒப்பிட்டுப் பார்க்கிறவன் நிம்மதியாக இருக்க மாட்டான்.

பம்ப் ஹவுஸ் கூரையில் மட்டும் ஒரு தொட்டியை விட்டுவைத்தோம். உப்பளவு பார்க்கும் கருவி ஒன்று இருந்தது, பேனா மாதிரி. அதை நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். அதற்காக என் மேஜைக்கு அடியில் ஒரு கேன் மழைத்தண்ணீர். கரையிலிருந்து சோதனைக்கு வருகிற அதிகாரிகள் படகில் வாந்தி எடுத்துவிட்டு, அதே படகில் திரும்பும் அவசரத்தில் இருப்பார்கள். நான் கருவியைக் கேனில் முக்கிக் காட்டுவேன். அது குழாய்த்தண்ணீர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை. அப்படித்தான் எங்களுக்கு 'நன்னீர்த் தீவு' என்று பாராட்டுப் பத்திரம் வந்தது. தலைவர் அதைக் கண்ணாடி போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்.

ஊரில் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் ஏறியது உண்மைதான். மருந்தகத்து நர்ஸம்மா, கடல் காற்று என்பார், பரம்பரை என்பார். என் மனைவிக்கும் இருக்கிறது. எனக்குக் கிடையாது. கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கும்போதெல்லாம், "இவரப் பாத்துக் கத்துக்குங்க. இந்த வயசுல எப்படி இருக்கார் பாருங்க" என்று வரிசையில் நிற்பவர்களிடம் சொல்வார். ஒழுங்கான வாழ்க்கைதான் காரணம் என்று நானும் சொல்லி வைப்பேன்.

இப்போது மருமகளுக்கு வருகிறேன். நீங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

என் மகன் பயணிகள் படகில் இன்ஜின் பார்ப்பவன். கரையில்தான் பெண் எடுத்தான். வந்த அன்று ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "மாமா, தண்ணி உப்புக் கரிக்குதே."

என் மனைவி சிரித்துவிட்டாள். "புது எடம், புது வாய். போகப்போக சரியாயிடும்மா."

அவளுக்குச் சரியாகவில்லை. அக்கம்பக்கத்திலும் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துக் காட்டி, அமிர்தம் என்றார்கள். கரைக்காரிக்கு நாக்கு நீளம் என்று ஊரே பேசியது. நான் அப்படிப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

அவள் உண்டானாள். ஆறாம் மாதமே கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. நர்ஸம்மா சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார். அவள் குறைக்கவில்லை, அடியோடு விட்டுவிட்டாள். அவளுக்காக வீட்டில் எல்லோரும் உப்பில்லாமல் சாப்பிட்டோம். நானும்தான், முகம் சுளிக்காமல் சாப்பிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனாலும் வீக்கம் வடியவில்லை.

"ஒளிச்சு வச்சு எதையோ திங்கறா" என்றார் நர்ஸம்மா.

"சத்தியமா இல்லக்கா. உப்பு டப்பாவையே தொடறதில்ல" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "சின்ன வயசு, வாயக் கட்டறது கஷ்டந்தான்" என்றேன். அவளை நான் கடிந்து பேசவில்லை. எங்கள் வீட்டில் மருமகளை யாரும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

ஒருநாள் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்கு வந்தாள். வெயிலில் நடந்து வந்த தாகம். நான் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் மேஜைக்கடியிலிருந்த கேனைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிக் குடித்திருக்கிறாள். திரும்பி வந்தபோது கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இது இனிக்குது."

"அது மழத்தண்ணிம்மா."

புத்திசாலிப் பெண், எல்லாம் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"பிள்ள பொறக்கற வரைக்கும் தெனம் ஒரு செம்பு குடுங்க மாமா. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"ஆபீஸ் தண்ணிம்மா. மெஷின் கழுவ வச்சிருக்கு."

"மெஷினுக்கு உண்டு, உங்க பேரப்பிள்ளைக்குக் கிடையாதா?"

என் மருமகள் என்பதற்காக அவளுக்கு மட்டும் நல்ல தண்ணீர் கொடுத்தால் ஊரில் மற்ற கர்ப்பிணிகள் என்ன பாவம் செய்தார்கள்? என் வீட்டுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்று நான் வாழ்ந்தவனில்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கேன் மூடியை முந்தானையால் துடைத்து மூடி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அந்த அறைக்கு ஒரு பூட்டு வாங்கினேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஐயா. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை.

எட்டாம் மாதம் அவளுக்கு வலிப்பு வந்தது. என் மகனே படகை ஓட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் அலை. குழந்தை தங்கவில்லை. பெண் குழந்தை என்றார்கள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் டாக்டரிடம், எங்கள் வீட்டுக் குழாய்த்தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றிருக்கிறாள். மகன் கொண்டுபோனான். டாக்டர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கை கழுவும் தொட்டியில் துப்பினாராம். என் மகன் அந்தப் பாட்டிலை வாங்கி மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "நல்லாத்தான சார் இருக்கு" என்றானாம். ஒருவகையில் என் வேலைக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

அதற்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள். தலைவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். விரிக்கட்டும். வால்வைத் திறந்தது நான். தொட்டிகளை மூட வைத்தது நான். கருவியைக் கேனில் முக்கிக் காட்டியது நான். மருமகள் வாய்விட்டுக் கேட்டும் கொடுக்காமல் பூட்டியதும் நான்தான். கொடுத்திருந்தால் பேத்தி பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொல்கிறார். டாக்டர் படித்தவர். நான் மறுக்கவில்லை. ஊரை ஒரே கண்ணால் பார்த்ததற்கு நான் கொடுத்த விலை அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் என்னோடு பேசுவதில்லை. மனைவி மட்டும் நேற்று வந்து, அந்தக் கம்பிக்கு வெளியே நின்றாள். அழவில்லை, திட்டவில்லை. மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். அவளோ, "அந்தக் கேன் தண்ணி இருக்கே, மெஷின் கழுவுனது போக மீதி என்னங்க ஆகும்?" என்று கேட்டாள். நேரம் முடிந்தது என்று காவலர் அவளை அனுப்பிவிட்டார்.

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு பேனாவைக் கழுவ எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒரு மூடி போதும். தேங்கிய தண்ணீரில் பூச்சி விழும், ஆகவே கேனை அடிக்கடி மாற்றியாக வேண்டும். பழைய தண்ணீரைக் கீழே கொட்ட முடியுமா? ஜனங்கள் நல்ல தண்ணீருக்குத் தவிக்கிற ஊரில், அப்படி ஒரு பாவத்தை நான் செய்வேனா?

ஒரு சொட்டு வீணாக்கவில்லை, ஐயா. அத்தனை வருஷமும் நானே குடித்து முடித்தேன்.