ஒலியுல்லா பாய்க்குத் தொக்கம்

அட, செத்தப் பொறுங்க ஒலியுல்லா பாய். தொக்கம் எடுக்கத்தேன் வந்திருக்கேன். இந்தக் காளியாயி ஊதுனா தொண்டையில சிக்குன கறித்துண்டு கையில வந்து விழுந்துரும்னு நாயுடுபுரமே சொல்லுது, உங்களுக்கு மட்டும் விழாமலா போயிரும்? மொதல்ல வயித்தக் காட்டுங்க.

ஆத்தாடி, தம்பட்டமாட்டம்ல இருக்கு! மச்சினன் கல்யாணத்துல நாலு பேரு சேந்து உக்காந்து திங்கிற சகன் நெய்ச்சோற ஒத்த ஆளா முடிச்சீங்களாமே? சரி சரி, கோவிக்காதீங்க.

வலி எப்பிடி? சுருட்டிப் புடிக்குது, விடுது, திரும்பப் புடிக்குதாக்கும். வாந்தி? பச்சையாவா... ம். காத்துப் பிரிஞ்சுச்சா? எங்கிட்ட என்ன வெக்கம்? பேரிக்கா ஏலத்துல மலையே அதிரக் கத்துவீங்க, இதச் சொல்ல வாய் வரலையோ? நேத்துல இருந்தே இல்லையா? ம்.

சபுராம்மா, புருசனுக்கு ஊத்த எடுத்த அந்த வெளக்கெண்ணெயக் கீழ வைங்க. கீழ அடைச்சுக் கெடக்கையில மேல ஊத்துனா எங்குட்டுப் போகும்? தண்ணிகூட வேணாம்.

அப்புறம் பாய், தொடையிடுக்குல ஒரு வீக்கமாமே. மூட்டை தூக்குனா வெளிய வரும், படுத்தா உள்ள போயிருமாம். இன்னைக்குப் போகாம கல்லாட்டம் நிக்குதுன்னு சபுராம்மா அழுகுது. வருசக்கணக்கா பொண்டாட்டியத் தவிர யாருக்கும் சொல்லாம பொதையலாட்டம் வேட்டிக்குள்ள வச்சிருந்தீங்களாக்கும்! கொடலு அதுல மாட்டிக்கிருச்சு பாய். என் தம்பி தங்கமுத்துவுக்கும் இதேதேன். ஆஸ்பத்திரியில அறுத்துத் தச்சாக. இப்ப ஆடலூருல மெளகு பறிக்க ஏணி ஏறுறான்.

கத்தின்னா பயமா? நல்லாருக்கே, பக்ரீதுக்கு நீங்க ஆடு அறுக்குறதப் பாத்தவுக நம்புவாகளா?

ஒருதரம் ஊதிப் பாருங்கிறீங்க. ஊதலாம். கறித்துண்டும் வரும். இந்தா, என் முந்தானை முடிச்சப் பாருங்க. காலையில எங்க வீட்டுச் சட்டியில வெந்தது. எல்லாருக்கும் இப்பிடித்தேன், வாயில அடக்கிக்கிட்டு ஊதுறது. பாத்ததுமே பாதி நோவு போயிரும் அவுகளுக்கு. நீங்களும் பாத்துட்டு நிம்மதியாப் படுத்துக்கிருவீங்க. அப்புறம் எந்திரிக்க மாட்டீங்க பாய். எனக்கு அந்தப் பயந்தேன்.

முழிக்காதீங்க. காளியாயி பொய்க்காரின்னு பஜார் பூராவும் சொல்லிக்கங்க. சொல்லுறதுக்கு நீங்க இருக்கணும்ல. ஆஸ்பத்திரிக்குப் போக நான் வரச்சொன்ன பிளசர் காரு வாசல்ல வந்து நிக்குது. வெரசா எந்திரிங்க, என் தோள்ல கையப் போடுங்க.