குடுவையில் வளர்ந்தது வேறு

நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அலாரம் அலறியது. சாப்பாட்டு நேரத்தில் சத்தம் எனக்கு ஆகாது. அதனால்தான், செல் வளர்க்கும் இன்குபேட்டரின் சூட்டைச் சாப்பிட உட்காரும் முன்பு ஏற்றியபோதே, அலாரம் ஒரு மணி நேரம் கழித்து அடிக்கும்படி வைத்திருந்தேன்.

முதலில் ஓடியவள் என் அக்கா மகள். எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். குடுவைகளை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். செல்கள் எல்லாம் செத்திருந்தன. நானும் பதறியவன்போல் நின்றேன்.

விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு என் வேலையைச் சொன்னால்தான் விளங்கும். மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த செல்களுக்குக் கொஞ்சமாக மருந்து கொடுப்போம். பெரும்பாலானவை சாகும். பிழைத்தவற்றை வளர்த்து, அளவைக் கூட்டுவோம். கடைசியில் அந்த மருந்துக்கு மசியாதவை மட்டும் மிஞ்சும். அவற்றையும் கொல்லும் ஒரு புது மருந்தைக் கண்டுபிடித்தேன். கைதட்டினார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் தொடங்கியது.

அப்புறம்தான் அந்தச் செல்களை அடையாளப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. வேலை மும்முரத்தில் தள்ளிப்போட்டிருந்தேன். குடுவையில் இருந்தது மார்பகக் கட்டியே அல்ல. பக்கத்துத் தட்டில் வளர்ந்த நுரையீரல் கட்டி. எப்போதோ ஒரு சொட்டு தவறி விழுந்திருக்கும். வேகமாகப் பெருகும் ரகம். குடியிருந்தவனை விரட்டிவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டது. என் மருந்து கொன்றது அதைத்தான். மார்பகக் கட்டியை அது ஒன்றும் செய்யாது.

முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆய்வகத்தை இழுத்து மூடுவார்கள். இத்தனை பேர் பிழைப்பு இருக்கிறது. சோதனையில் இருந்த நோயாளிகளை எனக்கு முகம்கூடத் தெரியாது.

பிறகு அக்காவுக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. பழைய மருந்துக்குக் கட்டி மசியவில்லை. டாக்டர் வேறொன்றைச் சொன்னார். உடம்பை உலுக்கி எடுக்கும், ஆனால் பலருக்குக் கேட்டிருக்கிறது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வீட்ல ஒரு பல்பு மாட்டத் தெரியாத பய, மருந்தே கண்டுபிடிச்சிருக்கான். அத விட்டுட்டு எவனோ கண்டுபிடிச்சத நான் ஏன் ஏத்திக்கணும்? டேய் புரொபசர், என்னடா முழிக்கிற? போடச் சொல்லு."

"நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றார் டாக்டர்.

"அக்கா இஷ்டம்" என்றேன். அவள் பேச்சை நான் என்றுமே தட்டியதில்லை.

ஒவ்வொரு முறை மருந்து ஏறும்போதும் பக்கத்திலேயே இருந்தேன். போர்வையை இழுத்துவிட்டேன். கூடப்பிறந்தவன் கடமையில் குறை வைக்கவில்லை. கட்டி கல்லீரலுக்குப் பரவியது. "உன் மருந்து நல்ல மருந்துதான்டா. என் உடம்புதான் சரியில்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

"அம்மாவுக்கு அது ஏன் கேக்கலன்னு நான் கண்டுபிடிக்கிறேன் மாமா" என்று அவள் மகள் என்னிடமே வந்து சேர்ந்தாள். எந்த வாயால் வேண்டாம் என்பேன்? வந்த கொஞ்ச நாளில், பழைய செல்களை ஒருமுறை அடையாளப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றாள். உறையவைத்திருந்தவற்றை அன்றே ப்ளீச்சில் கொட்டினேன். இன்குபேட்டரில் இருந்தவை எல்லார் கண்ணிலும் படுபவை. அவை தற்செயலாகத்தான் சாக வேண்டியிருந்தது.

அலாரத்தை அணைத்துவிட்டு அவள் என் தோளைத் தொட்டாள். "கவலப்படாதீங்க மாமா. காலைலயே கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிட்டேன்."

முடிவு வரும்வரை அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். லீவு போட்டால் சந்தேகம் வரும். அவள் போன் ஒலிக்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

அந்த நாளும் வந்தது. அவள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். நான் முன்பு அனுப்பிய பரிசோதனையின் முடிவையும் சேர்த்தே அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். குரல் உயரவே இல்லை.

"ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆய்வகத்தை மூட வேண்டாம். அம்மாகிட்ட மட்டும், அந்த மருந்து வேண்டாம்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

அவளிடம் நான் பொய் சொல்லவில்லை.

"சொன்னா, ஏன்டான்னு கேட்டிருப்பாளேம்மா."