மொட்டைமாடியில் நாலு பலகை

— இப்ப முள்ளு ஏறுதா?

— என்னைக் கேட்டா? மீட்டர் உங்க மடியில இருக்கு. நான் தண்ணித் தொட்டி மேல நின்னு கண்ணாடி துடைச்சுக்கிட்டு இருக்கேன். பாத்துச் சொல்ல வேண்டியது நீங்க.

— பேச்சுக்குக் கேட்டேன்மா. ஏறல. பாதியிலேயே நிக்குது.

— என்னமோ போங்க. நேத்தும் பாதி, முந்தாநாளும் பாதி.

— கணக்குப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு. பாரு, கீழ ரெண்டு சோலார் பலகை, உன் பக்கத்துல ரெண்டு. வெயில் மண்டையப் பொளக்குது. இந்நேரம் பேட்டரி ரொம்பி வழியணும்.

— வெயில் மண்டையப் பொளக்குதுன்னு நிழல்ல உக்காந்துக்கிட்டு நீங்க சொல்றீங்க.

— முட்டி ஒழுங்கா இருந்தா உன்னை ஏத்தி விடுவேனா? ரெண்டு படி ஏறினாலே உயிர் போகுது.

— சரி சரி, அழாதீங்க. சும்மாதான் சொன்னேன்.

— எல்லா செல்லையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துதான விட்டிருக்கேன். கை கோத்து நடக்கற பிள்ளைங்க மாதிரி. ஒண்ணு உக்காந்துட்டா மத்ததும் நின்னுடும். எங்கயோ ஒரு செல் உக்காந்திருக்கு. ஒரு இலை விழுந்து மூடினாக்கூடப் போதும்.

— இலையெல்லாம் ஒண்ணும் இல்ல. துடைச்சாச்சு.

— நல்லாப் பாத்தியா?

— பாத்தேங்க.

— அப்ப பசைய எடு. கண்ணாடி ஓரமெல்லாம் விட்டுப் போயிருக்கு. மழை வந்தா தண்ணி உள்ள இறங்கிடும். நீ மேல இருக்கறதுக்குப் பூசு, நான் கீழ இருக்கறதுக்குப் பூசறேன்.

— கடையில வாங்கியிருந்தா இந்தப் பசையும் வேணாம், பாடும் வேணாம். ஆளே வந்து மாட்டிட்டுப் போயிருப்பான். உங்க அண்ணன் வாங்கித் தரேன்னுதான சொன்னார்?

— அவர் சொன்ன தினுசு எனக்குப் பிடிக்கல.

— ஆமா ஆமா. ஆபீஸ்ல ஃபைல் தூக்கறவர் போன்ல வீடியோ பாத்து சோலார் செய்யக் கிளம்பிட்டார். இடிச்ச கட்டடத்து ஜன்னல் கண்ணாடி, ஓரம் உடைஞ்ச செல்லு. எத்தனை செல்லு உங்க கையில முட்டை ஓடு மாதிரி நொறுங்குச்சு. வீடு பூரா ஈயப் புகை.

— நீயும்தான கூட உக்காந்து ஒட்டின.

— ஒட்டினேன். இல்லேன்னு சொல்லல. உங்களைவிட நேராவே ஒட்டினேன்.

— அது நெசம்தான். தையல்காரி கை இல்லியா.

— உங்க போன் அடிக்குது.

— எங்க இருக்கு?

— இங்கதான், தொட்டி மூடி மேல. உங்கப்பா.

— எடும்மா. என் கை முழுக்கப் பசை.

— என் கை மட்டும் என்ன, சந்தனமா பூசியிருக்கு? இருங்க, முழங்கையால அழுத்தறேன். ஆங், வந்துடுச்சு. சத்தமா வெச்சாச்சு, அங்கிருந்தே பேசுங்க.

— அப்பா, சொல்லுங்க.

— தம்பி... விளக்கு எரிஞ்சுதா?

— இன்னும் இல்லப்பா. எங்கயோ சின்னக் கோளாறு. தேடிக்கிட்டு இருக்கேன்.

— சரி... சரி. ஒண்ணும் அவசரமில்ல.

— மாமா, நான்தான் பேசறேன். மூச்சு எப்படி இருக்கு?

— இருக்கு அம்மாடி. ஆக்சிஜன் மெஷின் இழுக்குது... நானும் கூடவே இழுக்கறேன். இங்க எல்லாத்தையும் பெட்டியில போட்டுட்டாங்க. என் நாற்காலியும் போயிடுச்சு. கட்டில் மட்டும்தான் பாக்கி.

— அண்ணன் ஞாயித்துக்கிழமைதான கிளம்பறார்?

— ஆமாம்ப்பா. பாவம், அவனுக்கும் வேலை மாத்திட்டாங்க, என்ன பண்ணுவான். அந்த முதியோர் இல்லத்துக்கு நேத்து கூட்டிட்டுப் போய் காட்டினான். நல்ல இடம்தான். ஜெனரேட்டர் இருக்கு, கரண்ட் போனாலும் மெஷின் நிக்காதாம். எனக்குன்னு ஒரு கட்டில் பிடிச்சு வெச்சிருக்கான்.

— உங்களுக்குப் பிடிச்சுதாப்பா?

— ஜன்னல் இல்ல. மத்தபடி நல்ல இடம்.

— நீங்க இங்கதான் வரீங்க. அதுக்குத்தான இத்தனை பாடு.

— வந்தா... உங்கம்மா ரூமு, இல்ல தம்பி?

— அதேதான். கட்டிலை இப்போதைக்கு மேஜையாக்கி வெச்சிருக்கேன். ஒழிச்சுத் தந்துடறேன்.

— கட்டில் அந்த ஜன்னல்கிட்ட கிடக்கட்டும். அவ பாத்துக்கிட்டு இருந்த பக்கமாவே... சரி, நீங்க வேலையப் பாருங்க. எரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லு. எரியலேன்னாலும் பரவாயில்ல. நீங்களே வெச்சிடுங்க, எனக்கு இந்த பட்டன் கண்ணுக்குத் தெரியறதில்ல.

— சரி மாமா, வெச்சுடறோம். உடம்பப் பாத்துக்குங்க.

— சரிங்கப்பா. நாங்களே வெச்சுடறோம், நீங்க படுங்க.

— பசை காயறதுக்குள்ள பூசுங்க. என்ன அப்படியே உக்காந்துட்டீங்க?

— ஜன்னல் இல்லியாம்.

— கேட்டேன்.

— அம்மாவ நமக்கு, அப்பாவ அண்ணனுக்குன்னு அன்னைக்குப் பங்கு போட்டோமே. வீட்டுச் சாமானைப் பிரிக்கற மாதிரி. அப்பா வாயத் திறக்கல. வாரா வாரம் வந்து அம்மா கட்டில்கிட்ட உக்காந்துட்டு, இருட்டறதுக்குள்ள எழுந்து போவார்.

— நான்தான வாசல் வரைக்கும் போய் விட்டுட்டு வருவேன். எனக்குத் தெரியாதா?

— அவருக்கு அந்த ரூமுக்கு வரணும்.

— ம்.

— என்ன, ம்?

— ஒண்ணும் இல்ல. ரொம்ப அசதியா இருக்குங்க.

— இறங்கிடேன். கொஞ்சம் தண்ணி குடி.

— அந்த அசதி இல்ல.

— தெரியுது.

— உங்களுக்கு என்ன தெரியுது? உங்கம்மாவ மனசார பாத்துக்கிட்டேன், அதுல ஒரு குறை சொல்ல முடியாது யாராலயும். திருப்பிப் போட்டு, துடைச்சு, ஊட்டி விட்டு, எதுக்கும் நான் முகம் சுளிச்சதில்ல. ஆனா அவங்க போன அன்னைக்கு, எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்களே, நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இனிமே தூங்கலாம்னு நெனச்சேன். அவங்க அங்க கிடக்கறாங்க, நான் தூக்கத்தை நெனச்சுக்கிட்டு நிக்கறேன்.

— நானும்தான்மா. நீ மட்டுமா.

— நீங்க ஆபீஸுக்குப் போயிடுவீங்க.

— போயிடுவேன். அதுவும் சரிதான். சில நாள் வேலை முடிஞ்சும் அங்கயே உக்காந்திருப்பேன். வீட்டுக்கு வர பயந்துக்கிட்டு.

— இதை நீங்க என்கிட்ட சொன்னதே இல்ல.

— எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?

— இப்ப மாமா வராரு. அவர் மேல எனக்கு என்ன கோவம்? தங்கமான மனுஷன். ஒரு வாய் தண்ணி கேக்கக்கூட கூச்சப்படுவார். ஆனா ராத்திரி பூரா அந்த மெஷின் உஸ்ஸு உஸ்ஸுன்னு இரையும். நின்னா ஓடணும். நிக்கலேன்னா, நின்னுடுமோன்னு முழிச்சுக் கிடக்கணும். என் உடம்புல அதுக்குத் தெம்பு இல்லங்க. கேட்டா ஊர் என்ன சொல்லும், உங்க அண்ணி என்ன சொல்லும். சொந்த மாமனாரை வேணாம்னா சொல்ல முடியும்?

— யாரும் வேணாம்னு சொல்லலியே. கரண்ட் நிக்கலேன்னா கூட்டிட்டு வரலாம்னு டாக்டர் சொன்னார். பலகை வேலை செஞ்சா கூட்டிட்டு வரலாம். வேலை செய்யலேன்னா...

— வேலை செய்யலேன்னா யார் மேலயும் தப்பு இல்ல.

— ஆமா.

— நல்ல வழிதான்.

— ஏம்மா.

— என்ன?

— உன் பக்கத்துல ரெண்டாவது பலகை இருக்கு பாரு. அதுல கீழ் வரிசை. அதை ஒரு தடவை பாத்துச் சொல்லேன்.

— பாத்தாச்சுன்னு சொன்னேன்ல.

— திரும்ப ஒருக்கா.

— எதுக்கு அந்த வரிசை?

— சும்மாதான். பாரேன்.

— பாக்க வேணாம். எனக்குத் தெரியும் அங்க என்ன இருக்குன்னு.

— என்ன இருக்கு?

— டேப்பு. ஒயருக்குச் சுத்துவீங்களே, அந்தக் கருப்பு டேப்பு. கடைசி செல்லு மேல ஒட்டியிருக்கேன். நீலத்து மேல கருப்பு, கீழ இருந்து பாத்தா தெரியாது. உங்களால மேல ஏற முடியாதுன்னு தெரிஞ்சுதான் ஒட்டினேன். இங்க வர வண்டிக்குச் சொல்லியாச்சு, மாமாவோட துணியெல்லாம் கட்டியாச்சுன்னு அண்ணி போன்ல சொன்னாங்களே, அன்னைக்கு. துடைக்கத்தான் ஏறினேன். கை தானா பையில இருந்த டேப்பை எடுத்துச்சு. திட்டுங்க. எதையாவது சொல்லித் தொலைங்க.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீ தையலுக்குப் போயிருந்தப்ப நான் மேல ஏறினேன்.

— அந்த முட்டிய வெச்சுக்கிட்டா? விழுந்திருந்தா?

— உக்காந்து உக்காந்து ஏறினேன். எல்லா இணைப்பும் பாத்தாச்சு, எல்லா ஒயரும் பாத்தாச்சு, கணக்கு சரியா இருக்கு, பலகை மட்டும் சண்டித்தனம் பண்ணுது. மனசு கேக்கல. ஏறிப் பாத்தா டேப்பு. ஓரமெல்லாம் நேரா வெட்டி, சுருக்கம் இல்லாம ஒட்டியிருந்துச்சு. உன் கைன்னு பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு.

— எடுத்தீங்களா?

— எடுத்தேன். மீட்டர் முள்ளு கடைசி வரைக்கும் போச்சு. அப்பாவுக்கு மாட்டற அளவுக்கு லோடு குடுத்துப் பாத்தேன். ரூமுல விளக்கு, ஃபேனு, உன் இஸ்திரிப் பெட்டி. எல்லாம் ஓடுச்சு. கரண்டே இல்லாத மத்தியானம். தெருவுல ஒரு வீட்ல ஃபேன் சுத்தல, நம்ம வீட்ல மட்டும் சுத்துது. அம்மா கட்டில்ல உக்காந்து கொஞ்ச நேரம் காத்து வாங்கினேன். என் கையால செஞ்சது, ஓடுது. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுங்கற.

— அப்புறம் எப்படி இன்னைக்கு முள்ளு பாதியில நிக்குது?

— திரும்ப ஏறினேன்.

— எதுக்கு?

— அதே டேப்பை அதே இடத்துல ஒட்டினேன். நீ ஒட்டின மாதிரியே, நேரா.

— நீங்களா?

— நான்தான். கடையில வாங்கினா ஒரே நாள்ல முடிஞ்சுடும்னு நீ சொன்னியே. அதனாலதான் வாங்கல. செய்யறவரைக்கும் செஞ்சுக்கிட்டே இருக்கலாமேன்னு. இதை இப்பதான் எனக்கே சொல்லிக்கறேன்.

— அப்புறம் ஏன் தினமும் என்னை ஏறச் சொல்றீங்க, துடைக்கச் சொல்றீங்க, பாக்கச் சொல்றீங்க?

— நீ எடுத்துடுவேன்னுதான். நீ ஒரு நாள் மனசு கேக்காம எடுத்துட்டா, எனக்கு வேற வழி இருக்காது. கூட்டிட்டு வந்துதான் ஆகணும். நல்லவனா இருக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. நீயாவது இருப்பேன்னு பாத்தேன்.

— நான் அதையே உங்ககிட்ட எதிர்பாத்தேன். கண்டுபிடிச்சுத் திட்டுவீங்க, நாலு வார்த்தை கேப்பீங்க, எடுத்துப் போட்டுட்டு அப்பாவக் கூட்டிட்டு வருவீங்கன்னு. நானும் அழுதுட்டு ரூமைக் கழுவி விட்டிருப்பேன்.

— நல்ல ஜோடிதான் நாம.

— சிரிக்காதீங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

— சிரிக்கல.

— ஜன்னல் இல்லேன்னு சொன்னாரே. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா. மத்தபடி நல்ல இடம்னுட்டார்.

— அதைத்தான் நானும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

— இந்தா, நகம் வெச்சு ஓரத்தைத் தூக்கிட்டேன். ஒரு இழு இழுத்தா வந்துடும். நீங்க சொல்லுங்க. நானா செய்ய மாட்டேன், நீங்க வாய் விட்டுச் சொல்லணும். எடுத்துடட்டுமா?

— இந்தக் கீழ்ப் பலகைக்கு இன்னும் ஓரம் பாக்கி இருக்கு, பூசிட்டு...

— என்னங்க, எடுத்துடட்டுமா?

— வேணாம் அம்மாடி... அந்த டேப்பு அப்படியே இருக்கட்டும். வெயில்ல நிக்காத, இறங்கு. தம்பி, கை காஞ்சதும் இந்த போனை மட்டும் வெச்சிடுப்பா.