புகையில்லா வண்டி

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரயில் பெட்டி கழுவும் கொட்டகைக்குப் போகிற ஒரே அதிகாரி நீங்கள்தான் என்று என் மனைவி கேலி செய்வாள். உண்மைதான், ஐயா. அழுக்கு எனக்கு ஆகாது. விசாரிக்க வந்த தாங்களும் வெளுத்த சட்டைதான் அணிந்திருக்கிறீர்கள். ஆகவே என்னைப் புரிந்துகொள்வீர்கள்.

எங்கள் புதிய இரயில் எஞ்சின் இருவகையிலும் இயங்குவது. மின்கம்பி உள்ள தடத்தில் மின்சாரம்; இல்லாத தடத்தில் டீசல். பயணிகள் நிற்கும் நடைமேடைக்குள் அது மின்சாரத்தில் பூனைபோல நுழையும். 'புகையில்லா வண்டி' என்ற பெயர் என் யோசனை. பெட்டிகளைக் கழுவும் கொட்டகையிலோ தண்ணீர் பீய்ச்சுவதால் மின்கம்பி கிடையாது. அங்கே டீசலில் எஞ்சின் ஓடினால்தான் பெட்டிகளின் குளிரூட்டி இயங்கும். ஏறுகிற பயணிக்கு வியர்க்கலாமா?

தண்டவாளத்துக்கு அடியிலுள்ள பள்ளத்தில் இறங்கிக் கழிவறைத் தொட்டிகளைத் துடைப்பவர்கள் அக்காள் தங்கை இருவர். மூத்தவளை எல்லோரும் வாயாடி என்பார்கள். அவர்கள் கடந்து போனால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வேன். அதை நான் மறைத்ததில்லை, நேர்மையானவன்.

அன்று காலை வாயாடி என்னை மறித்தாள்.

"சார், புகை நெஞ்சை அடைக்குது. உங்க சட்டை மாதிரி எங்க நுரையீரலைக் கழட்டித் துவைச்சுக் காயப்போட முடியாது, பாத்துக்கோங்க."

"சும்மா இரு அக்கா, சார் மூஞ்சியச் சுளிக்கிறாரு" என்று தங்கை சிரித்தாள்.

நண்பகலில் மேலதிகாரிகள் விருந்தினரோடு பக்கத்து நடைமேடைக்கு வந்தார்கள், புகையில்லா வண்டியைப் பற்றிக் கேட்டறிய. கொட்டகை வாயிலிலிருந்து கரும்புகை அவர்களை நோக்கி ஊர்ந்தது. கதவுகளை இழுத்துச் சாத்திக் கொண்டி போட்டேன்.

எஞ்சினை ஓடவிட்டு வெளியே நின்றிருந்த ஓட்டுநர் பதறினார். "சார், பள்ளத்துல அந்தப் பொண்ணுங்க இருக்காங்களே, எஞ்சினையாவது நிறுத்திடட்டுமா?"

"அவங்க அப்பவே போயாச்சு. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

அது பொய். பணியில் நான் சொன்ன ஒரே பொய். இன்றும் மனத்தை உறுத்துகிறது.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. முதலில் கையால், பிறகு வாளியால். எஞ்சின் இரைச்சலில், கதவோடு ஒட்டி நின்ற எனக்கு மட்டுமே அது கேட்டது.

"சார், திறங்க சார். தங்கச்சி விழுந்துட்டா."

அவள் குரலில் கேலி இல்லாமல் நான் கேட்டது அதுவே முதன்முறை. அந்த வேளையில் விருந்தினர் ஒருவர் நடைமேடையின் தூய்மையைப் புகழ்ந்தார். நான் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தலைதாழ்த்தி நன்றி சொன்னேன்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியுமா எனக் கேட்கிறீர்கள். தெரியும், ஐயா. தட்டும் ஓசை நின்ற பிறகும் நான் நகரவில்லை. ஆனால் இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்: நடைமேடைக்கு ஓர் இழைப் புகைகூட வரவில்லை.